மெடிக்கல் பாயும் முகூர்த்தச் சட்னியும்

கள்ளக்குறிச்சியில் வயிறு சரியில்லை என்று மெடிக்கல் பாய் கடைக்குப் போவதைவிட, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது மேல். அங்கே உட்காரவாவது சொல்வார்கள். கொதிக்கிற தண்ணீரைத் தவிர உலகத்தில் எல்லாவற்றின் மீதும் அவருக்குச் சந்தேகம். அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்த பாவி நான்.

மாத்திரை கேட்டால் கடையில் நிற்கிற அத்தனை பேர் முன்னாலும் விசாரணை நடக்கும்.

“நேத்து இன்னா துன்ன?”

“பரோட்டா, பாய்.”

“முந்தாநேத்து?”

“அதுவும் பரோட்டாதான்.”

“கொடலுக்குள்ள நல்ல கிருமிங்க, நம்ம ஆளுங்க, கோடிப்பேரு காவலுக்குக் குந்திக்கினு இருக்கானுங்க. பழைய சோறு, மோரு, சாமக் கஞ்சி, கீரைன்னு போட்டாதான் வெளியாள உள்ள வுடமாட்டானுங்க. நீ அவனுங்கள பட்டினி போட்டுட்டு மாத்திர கேக்கற!”

கடைசியில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்து அனுப்புவார். மலைமேல் கரியாலூரிலிருந்து வருகிற சாமையைக்கூட மூட்டைக்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார்.

அப்படிப்பட்டவர் என் கல்யாணத்துக்குச் சின்னசேலம் வந்தார். வந்தவர் மேடைப் பக்கம் திரும்பவில்லை, நேராகச் சமையல்கட்டுக்குப் போனார்.

“இந்தத் தேங்கா சட்னி எப்ப அரச்சது?”

“ராத்திரியே அரச்சாச்சுங்க” என்றார் சமையல்காரர், பெருமையாக.

“இத்த ஒருத்தருக்கும் வைக்கக் கூடாது.”

பந்தியில் இட்லி விழுந்தாகிவிட்டது. விஷயம் கேட்டு மாமனார் பாய்ந்து வந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

“எங்க சாப்பாட்டுலயே சந்தேகமா? இன்னா மாப்ள, இவுரு உங்க ஆளா? அப்டின்னா இந்தக் கல்யாணமே வேணாம்!”

எனக்கு வேட்டி நழுவியது. பாய் அசரவில்லை.

“கோவப்படாதீங்க. ஒங்க பொண்ணும் இத்தத்தான துன்னப்போவுது? எங்க ஊருக்கு வாழ வர்ற பொண்ணு டிரிப்ஸ் பாட்டிலோடயா வரணும்?”

மாமனார் சட்னியை விரலால் தொட்டு முகர்ந்தார். என்ன தோன்றியதோ, “கொட்டித் தொலைங்கடா” என்றார். என் உயிர் திரும்பி வந்தது.

அன்றைக்கு ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. பழைய சட்னி கெடுத்திருக்குமா என்பதும் ஒருவருக்கும் தெரியாது. கெடுத்திருக்காது என்று மாமனார் இன்றும் சாதிக்கிறார்.

கல்யாண ஆல்பத்தில் பாய் ஒரு படத்தில்கூட இல்லை. நான் தாலி கட்டிய நேரத்தில் அவர் கிரைண்டர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, புதுத் தேங்காயை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தார். அந்த ஒரு படம் இல்லாததுதான் எனக்கு அந்த ஆல்பத்தில் குறை.