மைனஸ் போடாத அணு

படித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மானம் போகும்போதுகூட அது எந்த வேகத்தில் போகிறது என்று சமன்பாடு எழுதிவிடுவோம். (சமன்பாடு தப்பாக இருக்கும். அது வேறு விஷயம்.)

சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. அதற்கு முன்பே அப்பா கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டார். "கப்பல்ல பங்க் படுக்கை கிடைக்கிறப்பவே பிடிச்சிடணும்டா. சீட்டு உனக்குத்தானே?" செய்தி பரவி, எங்கள் தீவில் டாலிகஞ்சுத் தெருவே ஊறுகாயும் போர்வையும் கொடுத்து என்னை வழியனுப்பிவிட்டது. சீட்டு கிடைப்பது மட்டும்தான் பாக்கி.

திரையில் ஒரு பேராசிரியை. சுற்றுப்புறத்தோடு தொடர்புள்ள ஓர் அணு, ஆற்றலை வெளியே விட்டுவிட்டு மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்குகிறது. நேரம் போகப்போக அது எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு? விறுவிறுவென்று எழுதிக் காட்டினேன்.

"கீழே வர்ற வாய்ப்பைக் கூட்டியிருக்கீங்க தம்பி. மேலே அதைக் கழிக்கவே இல்லையே? மைனஸ் எங்கே?"

எழுதிய தாளில் மைனஸைத் தேடினேன்.

"மொத்தம் நூறு சதவீதம்தானே இருக்கணும்? உங்க கணக்குல இருநூறு, முந்நூறுன்னு ஏறிக்கிட்டே போகுதே!"

"திறந்த அமைப்பு இல்லையா மேடம்? மீதி வெளியிலேர்ந்து வந்திருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆற்றல் வெளியிலேர்ந்து வரலாம். வாய்ப்பு எங்கேர்ந்துப்பா வரும்? அணு கீழேயும் வந்துடுச்சு, மேலேயும் அப்படியே உட்கார்ந்திருக்கா?"

"ஆமாம் மேடம்." (ஏன் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை.)

சீட்டு போச்சு. கப்பலும் நான் இல்லாமலே போச்சு.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்கார வங்காளி அண்ணனின் கையிலிருந்த முட்டை தரையில் விழுந்தது. "அரே! தூ கயா நஹீ? ஜஹாஜ் தோ நிகல் கயா!" என்று இந்தியில் அலறினார். நீ போகலையா, கப்பல் கிளம்பிடுச்சே என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு பாத்திமா மாமி நெஞ்சில் கைவைத்தார். "யா அல்லாஹ்! நீ பத்திரமாப் போய்ச் சேரணும்னு ராத்திரி முழுக்க துஆ கேட்டேனேப்பா!"

தேர்வைப் பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக்கேட்டிருந்த அக்கா, வீட்டில் விளக்கம் கொடுத்தாள்: "மெயின்லேண்டுல இவனைக் கூட்டியாச்சு. டாலிகஞ்சுல மைனஸ் போட மறந்துட்டோம்."

அடுத்த வருடம் வேறிடத்தில் சீட்டு கிடைத்து நிஜமாகவே கப்பலேறினேன். கப்பல்துறையே திரும்பிப் பார்க்கும்படி அப்பா கத்தினார்: "டேய், இங்கே மைனஸ் போட்டாச்சு! அங்கே இறங்கினதும் பிளஸ் போட்டுட்டு போன் பண்ணு!"

இன்றும் லீவு முடிந்து கிளம்பும்போதெல்லாம் அதே கூச்சல்தான். பாத்திமா மாமி மட்டும் உஷார். கப்பல் கண்ணுக்கு மறையும்வரை துஆவைத் தொடங்குவதே இல்லையாம்.