தட்டு திரும்பி வருவதற்கான காரணம்

செம்பனைத் தோட்டம், ரெம்பாவ்.
புதன்கிழமை.

ரஹாங்கில் குடியிருக்கும் என் மனைவியின் தம்பியும் என் மகள் மோகனாவின் தாய்மாமனுமாகிய சுகுமாறன் மச்சானுக்கு, தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் அர்ச்சுனன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நிம்மதி மட்டும் மூன்று நாளாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைப் பையன் ரகுநாத்தின் வீட்டார் பெண் பார்க்க வந்து பழத்தட்டு வைத்துவிட்டுப் போனதை நீங்களும் பார்த்தீர்கள். தட்டு நம் வீட்டில் இருந்தால் சம்மதம், தாய்மாமன் கையால் திரும்பினால் பேச்சு முறிந்தது. நம்ம பொண்ணு தேத்தண்ணியைக் கொடுத்துட்டு சும்மா உள்ளே போயிருக்கக் கூடாதா? "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாளே, பாவம், "மேகி மட்டும்" என்று அந்தப் பையன் முழித்தானே! மறுநாள் காலை அவன் அம்மா வாட்சாப் அனுப்புகிறார்: "மோகனா ரொம்ப டிஃப்ரண்ட்னு மகன் சொல்றான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மச்சான், இது பாராட்டா, ஏச்சா? தோட்ட ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி ரவிச்சந்திரனிடம் ஓடினேன். அவர் அகராதியைப் புரட்டி, "வேறுபட்டன்னு அர்த்தம். ஆனா எதிலேர்ந்து வேறுபட்டன்னு சொல்லணும் லா, இது பாதி வாக்கியம்" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மீதிப் பாதிக்கு நான் எங்கே போவேன்? "போட்டோவுலேர்ந்து வேறயா இருக்கான்னு சொல்றாங்க, ஸ்டுடியோக்காரன் வெள்ளையடிச்சதே தப்பு" என்று உங்க அக்கா செல்லம் அழுகிறாள். அடுத்த வீட்டு புஷ்பவள்ளி வேறு வந்து, "என் மருமக என் ரசத்தைக் குடிச்சிட்டு டிஃப்ரண்ட்டா இருக்குன்னுதான் சொன்னா. அதுக்கப்புறம் ரசத்தைத் தொடவே இல்ல லா" என்றாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்களாக வேண்டாம் என்று சொல்வதற்குள் நாமே முந்திக்கொண்டால் மானமாவது மிஞ்சும். தட்டைக் குணாளனின் காய்கறி லாரியில் ஏற்றிவிட்டேன், இந்தக் கடிதமும் அதிலேயே வருகிறது. இன்றே ரகுநாத் வீட்டில் போய்க் கொடுத்துவிடுங்கள். மோகனாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. முனியாண்டி சாமி உங்கள் வீட்டைக் காக்கட்டும், என் வீட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே காக்கட்டும்.

இப்படிக்கு,
அர்ச்சுனன்

பி.கு.: சுங்கை காடுட் தொழிற்சாலையிலிருந்து மோகனா இப்போதுதான் வந்தாள். தட்டு எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "அய்யோ அப்பா! நான் அப்படிக் கேட்டது அவருக்குப் பிடிச்சுப் போச்சாம்ப்பா. மூணு நாளா மீன்குழம்பு வைக்கக் கத்துக்கிட்டு தினமும் போட்டோ அனுப்புறாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு போனைக் காட்டினாள். சட்டி முழுக்க ஒரே கருப்பு.

"இதுக்கு நீ என்னம்மா சொன்னே?"

"டிஃப்ரண்ட்டா இருக்குன்னேன்."

"அப்படின்னா பிடிச்சிருக்கா, பிடிக்கலையா?" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவிட்டாள். மச்சான், அவள் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் தட்டைக் கொடுத்துவிடாதீர்கள்! அது கீரைக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, இறக்க நேரமில்லை, குணாளன் ஹார்ன் அடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீங்களே எடுத்து வாருங்கள். வாழைப்பழம் நசுங்கியிருந்தால் அதே மாதிரி வாங்கி வையுங்கள், டிஃப்ரண்ட்டாக வேண்டாம்.