தொண்ணூற்றேழாவது படி

புதிதாக ஒரு சந்தாதாரர் சேர்ந்துவிட்டால், கண்ணாடிக்காரர் முகம் கழுவி, தலைவாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் வரவேற்புக் கடிதம் அனுப்ப உட்காருவார். மின்னஞ்சலில் சட்டை தெரியாதே என்று மனைவி ஒருமுறை கேட்டார். "எழுத்துல தெரியும்" என்று பதில் வந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவருடைய பிழைப்பு. மாதம் ஒருமுறை இலவசமாக அனுப்பும் தீவு வழிகாட்டி அவருடைய பெருமை. படகேறினால் ஒரு மணி நேரத்தில் தீவு. அங்கே எந்தக் குன்றில் நின்றால் சூரியன் மறைவது தெரியும், எந்த விடுதியில் தலையணை கல்லாக இருக்கும், எந்தக் கரையில் நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும், எல்லாம் அதில் உண்டு. நானூற்றுப் பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். வரவேற்புக் கடிதம் இப்படித் தொடங்கும்: "வருக, நண்பரே! இந்தத் தீவில் என் கால் படாத இடமே இல்லை."

அவர் கால் அந்தத் தீவில் பட்டதே இல்லை.

தண்ணீர் ஆடினால் அவருக்குக் குமட்டும். குளியலறையில் வாளி தளும்பினால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள். ஆனால் வழிகாட்டி தொடங்கிய புதிதில் மனைவி ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தார்.

"நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் எழுதறீங்களா?"

"பின்ன? காதால கேட்டு எழுதற ஆளா நான்?"

"அப்ப ஒரு தடவ நானும் வரேனே. எனக்கு ரொம்ப நாள் ஆசைங்க."

"உனக்குக் கடல் ஒத்துக்காது."

"எனக்கா?"

"உன் முகத்தப் பாத்தாலே தெரியுது."

மனைவி பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பதில் பேர் வாங்கியவர். "கைய நீட்டுங்க, வலிக்காது" என்று சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அப்படிப்பட்டவர் அன்று பேச்சை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். முகம் மட்டும் வாடியிருந்தது. கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் உறுத்தியது. உறுத்தல் சாப்பிட உட்காரும் வரை இருந்தது.

வாயால் சொன்ன பொய்யை அதன்பின் காலால் நடந்து காப்பாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கே கிளம்புவார். படகுத்துறைக் காத்திருப்புக் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே, கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்துவிடுவார். எதிரே டீ விற்கும் அக்கா.

"என்ன அக்கா, தீவுல என்ன விசேஷம்?"

"தெற்குக் கரையில புதுசா பெஞ்சு போட்டிருக்காங்களாம். மூணாவது பெஞ்சுல உக்காந்தா ஆணி குத்துதாம்."

"யார் சொன்னது?"

"போய்ட்டு வந்தவங்கதான்."

கண்ணாடிக்காரர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்: "மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆணி குத்தியது." மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். மூடுவார். தூங்குவார். ஐந்து மணிப் படகில் வந்த கூட்டத்தோடு கலந்து வெளியே வருவார். குழாயடியில் பேன்ட் ஓரத்தை நனைப்பார். வழியில் யாரோ கட்டும் வீட்டு வாசலில் இரண்டு கை மணல் அள்ளி ஷூவில் போட்டுக்கொள்வார். வீட்டில் மனைவி ஷூவைத் தட்டி, கொட்டியதைப் பார்த்து, "மணல் நிறைய" என்பார். அவ்வளவுதான்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. ஒரு வாசகரும் ஒரு குறை சொல்லவில்லை. இதில் கண்ணாடிக்காரருக்குத் தலை கால் புரியவில்லை. வரவேற்புக் கடிதத்தின் முடிவில் ஒரு வரி சேர்த்து, அதை மனைவிக்கு வாசித்தும் காட்டினார்: "இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். உங்களை நானே தீவுக்கு அழைத்துப் போகிறேன்."

"யாராவது கண்டுபிடிச்சுட்டா?"

"ரெண்டு வருஷமா எவனாவது வாயத் திறந்திருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அதுவும் சரிதான்" என்றார் மனைவி. அந்த வீட்டில் அவர் இவ்வளவு சீக்கிரம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. கண்ணாடிக்காரர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அவரோ சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

அடுத்த இதழில் கலங்கரை விளக்கம் பற்றி எழுதினார். டீக்கடை அக்கா சொன்னபடி, தொண்ணூற்றாறு படிகள். "மூச்சு வாங்க ஏறினேன், ஒவ்வொன்றாக எண்ணினேன்" என்பது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

மறுநாள் நானூற்றுப் பதின்மூன்றாவது சந்தாதாரர் சேர்ந்தார். பெயர் போடவில்லை, 'கடற்காகம்' என்று புனைபெயர். கண்ணாடிக்காரர் சட்டை மாற்றினார், கடிதம் அனுப்பினார். பத்தே நிமிடத்தில் பதில்.

"படிகள் தொண்ணூற்றேழு. முதல் படி மணலில் புதைந்திருக்கிறது. ஏறியவருக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை எட்டு மணிப் படகுக்கு வருகிறேன். கடிகாரத்துக்குக் கீழே நில்லுங்கள். வராவிட்டால் உங்கள் கடைக்கே வருவேன்."

கடை முகவரியைக் கடிதத்தின் அடியில் பெருமையாகப் போட்டவர் அவரேதான். முதலாளியும் வாடிக்கையாளர்களும் இருக்கும்போது கடற்காகம் கடை வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தார். வியர்த்துவிட்டது. சமையலறைக்கு ஓடினார். மனைவி கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உனக்குச் சனிக்கிழமை உடம்பு சரியில்ல."

"எனக்கா? எனக்கு என்ன?"

"காய்ச்சல்."

"எத்தன டிகிரி?"

"நீ சும்மா படுத்துக்கிட்டா போதும். வெளிய ஒரு ஆள்கிட்ட சொல்லணும்."

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்குங்க. வேற நாள் காய்ச்சல் வெச்சுக்கலாம்."

கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. மனைவிக்குக் கடும் காய்ச்சல் என்று கடற்காகத்துக்கு எழுதிவிட்டார். "ரத்தப் பரிசோதனை செய்தீர்களா?" என்று பதில் வந்தது. அன்பான மனிதர் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். ஆனால் அடுத்த வரியில், "எப்படியும் சனிக்கிழமை சந்திப்போம்" என்றிருந்தது.

கடைசி ஆயுதம், சுளுக்கு. சனிக்கிழமை காலை வீட்டை விட்டு நன்றாக நடந்து வந்தவர், காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து, இடது காலில் முழங்கால் வரை கட்டுச் சுற்றிக்கொண்டார். முனகிப் பழகினார். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஐயா, என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியல" என்று திரும்பாமலே ஆரம்பித்தார்.

"எந்தக் கால்?"

இடுப்பில் கை வைத்து மனைவி நின்றார். தோளில் பை, தலையில் வெயில் தொப்பி. தொப்பி பழசாகி, வெளுத்து, நன்றாக உழைத்திருந்தது.

"நீ எங்க இங்க?"

"நான்தான் கடற்காகம்."

கண்ணாடிக்காரர் டீக்கடை அக்காவைப் பார்த்தார். அக்கா அவசரமாகக் கண்ணாடித் தம்ளர் துடைத்தார்.

"முதல் மாசமே நீங்க சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டுப் போனீங்க" என்றார் மனைவி. "கொடுக்கலாம்னு ஓடி வந்தேன். எட்டு மணி போட் கிளம்பிருச்சு, நீங்க இந்தப் பெஞ்சுல வாயத் திறந்து தூங்கறீங்க. எழுப்ப வந்தேன். அப்புறம் தோணுச்சு, இவ்வளவு தூரம் வந்துட்டோம், போய்த்தான் பாப்போமேன்னு. அடுத்த போட்ல போனேன். டப்பாவ அங்க உக்காந்து நானே சாப்பிட்டேன்."

"அன்னிக்கு மட்டுமா?"

"அன்னிலேர்ந்து மாசாமாசம். உங்க முதுகுக்குப் பின்னாலதானே கதவு. மூணு மணி போட்ல திரும்பி வந்து, நீங்க தூங்கறப்பவே பாத்தத அக்காகிட்ட சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"அப்ப... போய்ட்டு வந்தவங்கன்னு அக்கா சொன்னது..."

"நான்தான். ஆணி எனக்குத்தான் குத்துச்சு."

கண்ணாடிக்காரர் கட்டைப் பார்த்தார். இரண்டு வருட வழிகாட்டியும் கண்முன் வந்து போயிற்று.

"படி தொண்ணூத்தாறுன்னு ஏன் சொன்ன?"

"ஒரு படிய மட்டும் என்கிட்டயே வெச்சுக்கிட்டேன். தப்பு கண்டுபிடிச்சாக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதினீங்களே. கேட்டா வரமாட்டீங்க. எழுதிக் கொடுத்துட்டீங்க, இப்ப வந்துதானே ஆகணும்? உங்களோட சேந்து போகணும்னுதாங்க எனக்கு ஆசை."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. படகின் ஊதல் கேட்டது. மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கைய நீட்டுங்க. வலிக்காது."

அதற்குள் அவர் படகில் இருந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. படகில் இருந்த பைகளெல்லாம் அவருக்கே தேவைப்பட்டன. கரை இறங்கியதும் மனைவி அவரைக் கலங்கரை விளக்கத்தடிக்கு நடத்திப் போனார். கண்ணாடிக்காரர் குனிந்து, தம் கையாலேயே மணலைத் தள்ளினார். படி இருந்தது. அதன்மேல் உட்கார்ந்து காலிலிருந்த கட்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தெம்பு வந்தது.

"இப்ப நானும் வந்துட்டேன்ல? இனிமே உண்மையாவே எழுதிரலாம்."

"எத்தன படி ஏறினீங்க?"

"...ஒண்ணு."

"இனிமே நான் எழுதறேங்க."

"அப்ப நான்?"

"சந்தாதாரரா சேந்துக்கோங்க. இலவசம்தான்."

திங்கட்கிழமை கடையில், ஒரு வாடிக்கையாளருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரரின் கைபேசி ஒலித்தது. நானூற்றுப் பதினான்காவது சந்தாதாரருக்கு வரவேற்புக் கடிதம். "வருக, நண்பரே! இந்தத் தீவில் என் கால் படாத இடமே இல்லை." அவர் எழுதிய அதே கடிதம். மனைவி அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. மாற்றத் தேவை இருக்கவில்லை, இப்போதுதான் அது உண்மை.