முன்வரிசையில் சிரிக்கக்கூடாது

“அப்பா, சிரிக்கக்கூடாது. அதுதான் ரூலே. மிச்சத்தைப் பிறகு சொல்லுறன், சவுண்ட் செக்குக்குக் கூப்பிடினம்.”

நதீஷா போனை வைத்துவிட்டாள். மண்டப வாசலில் நின்ற அகஸ்ரின் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே விரைந்தார். மகள் கிற்றார் வாசிக்கும் குழுவின் முதல் பெரிய மேடை இது. கனடாவின் வடகோடிப் பழங்குடியான இனுயிற் பெண்கள் இருவர் தொண்டையால் பாட, பின்னால் கிற்றாரும் ட்ரம்மும். பெருமை தாங்காமல் பிக்கரிங்கிலிருந்து உறவு, அயல், தேவாலயப் பங்குச் சனம் என்று முன் மூன்று வரிசையையும் அவரே நிரப்பியிருந்தார்.

அதில் பஸ்ரியனும் இருந்தார். மனைவி கிளடிஸின் அண்ணன். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாத மனிதர்.

அகஸ்ரின் வரிசை வரிசையாகப் போனார்.

“ஒருத்தரும் சிரிக்கப்படாது. பிள்ளையின்ரை மானம்.”

“கை தட்டலாமோ?” என்று கேட்டார் பேர்ணடெற் அன்ரி.

“அதைப்பற்றி அவள் சொல்லேல்லை. எதுக்கும் தட்டாதேங்கோ.”

கிளடிஸ் முறைத்தாள். “இஞ்சாருங்கோ, பாட்டுக் கேக்க வந்ததோ, செத்தவீட்டுக்கு வந்ததோ?”

“செத்தவீட்டிலேயே சிரிச்சவர்தானே உன்ரை கொண்ணை!”

பஸ்ரியனைத் தனக்கும் கிளடிஸுக்கும் நடுவில் இருத்தி, வாய்க்குள் இரண்டு ரொபியைத் திணித்தார்.

“மச்சான், உதை மெல்லு. சத்தம் வரப்படாது.”

விளக்கு அணைந்தது. மேடையில் இரு பெண்களும் முகத்துக்கு முகம் நின்று, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி விட்ட மூச்சை மற்றவள் வாங்கி, அடித்தொண்டையில் உருட்டித் திருப்பிக் கொடுத்தாள். அந்த வேகத்தின் மேல் நதீஷாவின் கிற்றார் ஏறியது. அகஸ்ரினுக்குக் கை மயிர் சிலிர்த்தது. இவள் என்ரை பிள்ளை!

அப்போது பக்கத்துக் கதிரை குலுங்கியது.

ரொபி பல்லில் ஒட்டிக்கொள்ள, பஸ்ரியனின் சிரிப்பு வெளியே வர வழியில்லாமல் மூக்கைத் தேடியது. “ஹ்ம்... க்ஹக்... ஹ்ம்... க்ஹக்...”

“மச்சான்!”

அகஸ்ரின் தன் ஸ்கார்வை உருவி, மச்சானின் வாயையும் மூக்கையும் சுற்றி இறுக்கினார். சத்தம் நிற்கவில்லை. இன்னும் கனத்து, ட்ரம் அடிக்குச் சரியாக விழத் தொடங்கியது.

மேடையில் இரு தலைகளும் திரும்பின. முன்னால் மூன்று வரிசைக்குப் பாஸ்போட் படத்து முகங்கள். நடுவில் பாடுகிற ஒரு ஸ்கார்வ்.

அவ்வளவுதான். இரு பெண்களும் வெடித்துச் சிரித்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். பாட்டு நின்றது. நதீஷா கிற்றாரின் மேல் குனிந்துவிட்டாள். அழுகிறாள் போலிருந்தது.

அகஸ்ரின் எழுந்து நின்று ஆங்கிலத்தில் கத்தினார்: “சொறி! சொறி! இவர் என்ரை ஆள் இல்லை, மனுசியின்ரை அண்ணை!”

மண்டபம் முழுவதும் எழுந்து கை தட்டியது. அகஸ்ரினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நதீஷா நிமிர்ந்தாள், கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாடிய இருவரில் ஒருத்தியான சியாசி மூச்சை ஒருவாறு பிடித்துக்கொண்டு மைக்குக்கு வந்தாள்.

“எங்கள் பாட்டு ஒரு போட்டி, ஐயா, முதலில் சிரிக்கிறவள் தோற்றாள், எங்கள் இரண்டு பேரையும் ஒரேயடியாகத் தோற்கடித்த இந்த மனிதர் உங்களுடைய ஆள் இல்லையென்றால், எங்களுக்குத் தருவீர்களா?”