பிங்கம் வீட்டு அரசியல் சட்டம்

கடைசிப் பன்றித்தொடைத் துண்டும் மாமியாரின் தட்டுக்குப் போன அன்றுதான், பிலடெல்பியாவில் செருப்புத் தைத்துப் பிழைத்த எசெக்கியேல் பிங்கம் தன் வீட்டுக்கும் ஓர் அரசியல் சட்டம் தேவை என்று முடிவுசெய்தார். புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்கான சட்டம் அந்த வாரம்தான் செய்தித்தாளில் வந்திருந்தது. ஊரில் வாத்துகள்கூட அதைப் பற்றித்தான் சண்டை போட்டன.

ஒரு வாரம் தங்க வந்த மாமியார் மெஹிடபெல், இரண்டு குளிர்காலங்களை அங்கேயே கழித்திருந்தார். அவர் ஊர் திரும்ப வேண்டும். பிங்கம் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"டார்கஸ், எல்லா அதிகாரமும் ஒருத்தர்கிட்ட இருந்தா அங்க ராஜா முளைச்சிடுவான். பிரிச்சுக்குவோம்."

"இப்ப எல்லாம் என்கிட்டதானே இருக்கு?" என்றாள் மனைவி.

"அதத்தான் சொல்றேன். நீ ஒரு சபை, அத்தை ஒரு சபை. ரெண்டு பேரும் சட்டம் போடுங்க. பிடிக்கலைன்னா நான் தடுப்பேன்."

'அம்மா இங்கேயே இருப்பார்' என்று டார்கஸ் முதல் சட்டம் கொண்டுவந்தாள். பிங்கம் கம்பீரமாகத் தடுத்தார்.

"மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தா உங்க தடை செல்லாதாமே, மாப்பிள்ளை?" என்றார் மெஹிடபெல், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி. "ரெண்டு சபையும் நாங்கதானே, எங்ககிட்ட மூணு பங்கும் இருக்கு!"

மறுநாள் தோலை அடித்துக்கொண்டிருந்தபோது பிங்கமுக்குப் பொறி தட்டியது. மாமியாரை நீதிபதி ஆக்கிவிட்டால் ஓட்டுப் போய்விடும். சட்டம் போடுகிறவரே தீர்ப்பும் சொல்லக் கூடாதே!

டார்கஸ் சம்மதித்தாள். மாமியார் கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, அடுப்பருகே இருந்த பிங்கமின் நாற்காலியில் பதவியேற்றார்.

"உங்க ஓட்டுதான் போயிடுச்சே, இனி என் தடை செல்லும்; பழைய சட்டம் ரத்து. மூட்டையக் கட்டுங்க, அத்தை!"

"நீதிபதிய வெளிய தள்ள முடியாது, மாப்பிள்ளை. ஏன் தெரியுமா? சாப்பாட்டுக்குப் பயந்தா, போடறவன் பக்கம் தீர்ப்பு சாய்ஞ்சிடும். அதனால பதவி ஆயுசுக்கும்."

"நல்ல நடத்தை இருக்கறவரைக்கும்னுதான் போட்டிருக்கு!"

"அத யாரு தீர்மானிக்கறதுன்னு வழக்குப் போடுங்க. நான்தான் விசாரிப்பேன்."

டார்கஸ் சிரித்துச் சிரித்து சமையல் மேலாடையில் முகம் புதைத்தாள். கடைசியில் பிங்கமுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் குதிரைவண்டிக்காரன்.

"மெஹிடபெல் அம்மா, 'இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வேலையும் இல்ல, ஊருக்கே போயிடறேன்'னு போன வாரம் வண்டி சொன்னீங்களே, பெட்டிய ஏத்தட்டுமா?"