அரைச்சாண் தேக்கு

ஆளிவிதை எண்ணெய் வாசனை வந்தால் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். யாராவது கதவுக்கு மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள். பாவம், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வாசனைக்குள் ரங்கூனில் ஓர் அறை இருக்கிறது. அறைக்குள் இரண்டு துப்பாக்கிகள், அவற்றுக்கு நடுவே இருபத்துநான்கு வயதில் ஒரு மடையன். அவனை நேருக்கு நேர் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அப்போது நான் மரக்கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. பகலெல்லாம் தேக்குக்குக் கன அடி கணக்கு. மாலையில் ஆற்றங்கரையில் நிலவுக்குக் கவிதை (நிலவு வராத நாட்களிலும் எழுதினேன்). ரங்கூனில் தமிழ் பேச ஆயிரம் பேர் இருந்தார்கள். ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க ஒரே ஒரு வீடு, அதுவும் ஆற்றுக்கு அக்கரையில், கியாக்தானில். என் தாய்மாமா பட்டாளத்திலிருந்து விலகி அங்கே வயல் வாங்கி, டோ மியா என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஞாயிறுதோறும் லாஞ்சுப் படகில் போவேன். அத்தை மாமாவிடமே தமிழ் கற்றவள். ஆகவே சோறு போடும்போதும் பட்டாளத்து உத்தரவுதான். “உக்காரு. தின்னு. பேசாதே.”

ஒரு மழைக்காலத்தில் மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பட்டாளம் கழித்து ஏலம் விட்டதில் அவர் எடுத்த இரண்டு பழைய துப்பாக்கிகளும் எனக்கு என்று சொல்லிவைத்திருந்தார். நான் வாழ்க்கையில் சுட்டது அப்பளம் மட்டும். அறுவடைக்கு முன் காட்டுப்பன்றி இறங்கும், அத்தைக்குத்தான் துப்பாக்கி வேண்டும். ஒன்றை அவள் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னேன்.

என் பயம் வேறு. மாமா இல்லாத வீட்டில் எனக்கு இனி என்ன பாத்தியதை? ஞாயிற்றுக்கிழமைகளும் அவரோடு போய்விட்டனவோ? ஏதாவது பெரிதாகச் செய்து அந்த வீட்டில் என் தட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இரண்டு துப்பாக்கிகளுக்கும் தோளில் பதியும் அடிக்கட்டை அரைச்சாண் குட்டை. ரம்பத்தால் அறுத்த தழும்பு தெரிந்தது. கன்னம் பதியும் இடத்தில் வெளிறிய மஞ்சள் கறை. மாமா வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது. அதில் அவர் விறைப்பாக நிற்க, பக்கத்தில் அதே ஜாதித் துப்பாக்கி முழு நீளத்தில் நிற்கும். (குறி பார்க்கும்போது மட்டும் மாமா கூன் போட்டுக்கொள்வார். அது பட்டாளத்துப் பாணி என்று நினைத்திருந்தேன்.) பழைய நிலைக்குக் கொண்டுவரலாமா, வேண்டாமா? பதினைந்து நாள் யோசித்தேன். ‘கால் இழந்த சிப்பாய்களே’ என்று தொடங்கி ஒரு வசனகவிதை எழுதி அவற்றுக்கே படித்துக் காட்டினேன். அந்த ஊரில் நான் பேசி முடிக்கும்வரை கேட்டவை அவை இரண்டும்தான்.

“ஒன்றைச் சரிசெய்து தரட்டுமா அத்தை?” என்று கேட்டேன்.

“சரியாத்தானே இருக்கு,” என்றாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

தச்சர் கட்டையைத் தடவிப் பார்த்தார். “யாரோ அளவெடுத்து அறுத்திருக்காங்களே தம்பி.”

“அறியாமை,” என்றேன்.

அரைச்சாண் தேக்கு ஒட்டிக் கொடுத்தார். மஞ்சள் கறையை நானே சோடா உப்பு போட்டுத் தேய்த்து எடுத்தேன். பிறகு ஆளிவிதை எண்ணெய், ஒன்பது பூச்சு. இரண்டாவது துப்பாக்கியைத் தொடுவதற்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் அது.

பெயர் மாற்ற வேண்டிய நாளில் அத்தை பட்டு லுங்கி கட்டி, கன்னத்தில் பர்மியப் பெண்கள் வழக்கப்படி தனக்கா மரப்பட்டையை மஞ்சளாக அரைத்துப் பூசி லாஞ்சில் வந்து இறங்கினாள். இரண்டு துப்பாக்கிகளையும் லைசென்ஸ் ஆபீஸ் மேஜையில் வைத்தேன். குமாஸ்தா நம்மவர். பதிவேட்டைப் புரட்டினார்.

“ரெண்டு உருப்படி. ரெண்டும் அடிக்கட்டை குறைக்கப்பட்டது.” நான் கட்டை ஒட்டிய நெட்டைத் துப்பாக்கியைப் பார்த்தார். “இவரு யாரு?”

“அதேதான் சார். பழைய நிலைக்குக் கொண்டுவந்துட்டேன்.”

“பதிவு, கட்டையை அறுத்த பிறகு போட்டதய்யா. நீர் சரிபண்ணினதுல இது வேற துப்பாக்கி ஆயிடுச்சு. வேற துப்பாக்கிக்கு லைசென்ஸ் எங்கே?” பிறகு அத்தையிடம், “அம்மாவுக்குப் பிடிக்கத் தெரியுமா? தூக்கிக் காட்டுங்க.”

அத்தை நெட்டையைத் தூக்கினாள். தேக்கு அக்குளில் மாட்டிக்கொண்டது. விரல் விசைக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றது. விசையை எட்டப் பார்த்தாள், குழல் ஒரு சுற்றுச் சுற்றி மைக்கூட்டைத் தட்டியது. பதிவேட்டில் நீலம் ஓடியது. வராந்தாவில் காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன் (அதற்கு இன்னும் என்னை மன்னிக்கவில்லை).

அத்தை அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள். ஒரே மூச்சில் அது தோளில் போய் உட்கார்ந்தது. தனக்கா பூசிய கன்னம் அந்த மஞ்சள் கறையின் மேல் படிந்தது. இரண்டும் ஒரே நிறம். சிரிப்பு நின்றுவிட்டது. நான் எதைத் தேய்த்து எடுத்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குட்டைத் துப்பாக்கி அத்தை பெயருக்கு மாறியது. நெட்டையை விசாரணைக்கென்று வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரவேயில்லை.

இன்றும் நான் ஒரு கிழிந்த குடையைக் கையில் எடுத்தால் போதும், அத்தையின் தங்கை பிள்ளைகள், “பழைய நிலைக்கா?” என்று கேட்டுவிட்டுக் குடையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்று படித்துறையில் லாஞ்சுக்குக் காத்து உட்கார்ந்திருந்தோம். ஆறு பலகைகளுக்கு அடியில் முணுமுணுத்தது.

“எது கைக்கு வந்தாலும் எனக்கு எட்டணும்னு ரெண்டையும் அறுத்தாரு,” என்றாள் அத்தை, ஆற்றைப் பார்த்தபடி. “அவருதான் கடைசிவரைக்கும் கூனிக்கிட்டே சுட்டாரு.”

லாஞ்சு சங்கு ஊதியது. அவள் எழுந்து நடந்தாள். பலகையில் கால் வைக்கப்போகும்போது, பல வாரமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை வரலாமா அத்தை?”

திரும்பினாள். துணியில் சுற்றிய துப்பாக்கியை எனக்கு எட்டாத பக்கத்துத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“வா. அந்த எண்ணெய் வாடை போகக் குளிச்சிட்டு வா.”