பாலம் ஏறாத ஆட்டோ

தெரணியகலை பஸாரில், சூரியன் உதித்தாலே "இன்னிக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று அதன் மேலும் சந்தேகப்படக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்குக் கேக்குற? யார் அனுப்புனா?" என்பார். அதனால் ஊரே அவருக்கு சிஐடி என்று பெயர் வைத்துவிட்டது. தொழில் ஆட்டோ ஓட்டுவது. ரோட்டைப் பார்ப்பதைவிட, கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதுதான் அதிகம்.

பெற்றோல் வரிசைகள் முடிந்தும் சாமான் விலை இறங்காத காலம் அது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் சேறு இறைத்து, ருவான்வெல்லையில் ரப்பர் ஷீட் காயப்போட்டு, கடைசியில் தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ வந்திருந்தேன். தினமும் மத்தியானம் கடையின் பின்பக்கம் சிஐடியின் ஆட்டோ வந்து நிற்கும். மிச்சச் சோறு, எலும்பு, ரொட்டி ஓரம் எல்லாவற்றையும் ஒரு பெயின்ட் வாளியில் வாங்கிப்போவார். அவர் வீட்டில் நாயும் இல்லை, பன்றியும் இல்லை.

"கள்ளத்தனமா கசிப்பு காய்ச்சுறான் போல," என்றார் முதலாளி.

"எலும்புலயா மொதலாளி?"

"அவன் காய்ச்சுவான்டா."

இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், வளர்க்க முடியாத நாயை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவார்கள். தண்ணீரைத் தாண்டிய நாய்க்கு வாசம் அறுந்துபோகும், வீட்டுக்குத் திரும்பாது என்று நம்பிக்கை. பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். மற்ற ஆட்டோக்காரர்கள் சீட் நாறும் என்பார்கள். சிஐடி மட்டும் நாய் என்றால் உடனே வருவார். ஏன்? விற்கிறார் என்றது ஒரு கூட்டம். பன்றி வேட்டைக்காரர்களுக்குக் கொடுக்கிறார் என்றது இன்னொரு கூட்டம். மூன்றாவது கூட்டம் தன் முன்னால் இருந்த கொத்து ரொட்டியைப் பார்த்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தின் கீழ் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டும் புஷ்பா அக்கா, தன் நாய் சூட்டியைக் கழுத்துவரை உரச் சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டோவில் ஏறினார். எனக்கும் அக்கரையில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். இன்றைக்கு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு.

பாலத்துக்குக் கிட்டப் போனதும் ஆட்டோ இருமியது. நின்றது.

"போச்சு. பாலத்தக் கண்டாலே இதுக்கு இப்பிடித்தான்," என்ற சிஐடி இறங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சூடு ஆறட்டும். நாய் என்ன குத்தம் செஞ்சிச்சு?"

"பக்கத்து வீட்டு சரசக்கா கோழியப் பிடிச்சிருச்சுங்க. இன்னொண்ணு போனா நஞ்சு வச்சிருவேன்னு சொல்லுது."

"நீ கண்ணால பாத்தியா?"

"இல்லைங்க. சரசக்காதான் சொல்லிச்சு."

"அன்னிக்கு சரசு வீட்டுல என்ன கறி?"

புஷ்பா அக்கா யோசித்தார். "கோழிக்கறிங்க."

"ஹரி!" என்று சிங்களத்தில் சரி சொல்லித் தொடையில் தட்டினார் சிஐடி. "கேஸ் முடிஞ்சிச்சு."

"நாய் கடிச்ச கோழியத்தாங்க ஆக்குனாங்க."

"அத நீ சொல்ற. கோழி சொல்லல."

அந்த நேரம் பார்த்து சூட்டி தும்மியது. மூக்கிலிருந்து ஒரு சின்ன இறகு பறந்து வந்து சிஐடியின் சட்டையில் ஒட்டியது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். நாயையும் பார்த்தார். "வக்கீல் பேசுறப்ப நீ ஏன்டா வாயத் தொறக்குற?"

நான் சிரித்துவிட்டேன். புஷ்பா அக்கா சிரிக்கவில்லை.

"விட எனக்கு விருப்பமாங்க? வீட்டுக்காரர் கொழும்புல. விடியக்குள்ள ஒத்தையில பால் வெட்ட மலைக்குப் போறேன். பன்னி வந்தா இதுதான் முன்னுக்கு நிக்கும். ஆனா நாங்களே அரை வயிறுதான். இதுக்கு என்னத்தப் போட? பசிச்சா கோழியத்தானே பிடிக்கும்."

"சோறு வந்தா வச்சுக்குவியா?"

"வச்சுக்குவேங்க."

"பொய் இல்லையே?"

"சத்தியமா இல்லைங்க," என்று சூட்டியின் தலையில் கை வைத்தார்.

அப்போதுதான் சிஐடியின் கை சீட்டுக்குக் கீழே போவதைக் கண்டேன். பெற்றோல் குழாயை மூடும் திருகு அங்கேதான் இருக்கிறது. பஸாரிலேயே மூடிவிட்டிருக்கிறார், குழாயில் மிச்சமிருந்தது பாலம் வரைக்கும் வந்திருக்கிறது. இப்போது திறந்தார். ஒரே இழுவையில் ஸ்டார்ட்டான வண்டி, வந்த வழியே திரும்பியது.

தோட்டத்து ரோட்டில் ஏறியதும் அந்த ஆட்டோச் சத்தத்துக்கு லயத்துக்கு லயம் நாய்கள் ஓடி வந்தன. எல்லாம் சாக்கில் போய்த் திரும்பி வந்தவை. நாய்க்கொரு கை சோறு, நாய்க்காரருக்கொரு விசாரணை. "நேத்து எங்க கட்டியிருந்த? ஏன் மெலிஞ்சிருக்கு? அதுக்குக் குடுத்த எலும்ப நீ சூப் வச்சியா?"

சரசக்கா வாசலிலேயே மறித்தார். "நாய்க்காரிக்கு சாட்சி சொல்ல வந்தீங்களோ?"

"ஒன் கூட்டுக்குக் கதவே இல்ல. அதுல கோழி இருந்துச்சுன்னு நான் எப்பிடி நம்புறது?" என்ற சிஐடி, ஆட்டோவிலிருந்து தூக்கி வந்திருந்த பழைய கம்பி வலையைக் கூட்டுக்குக் கதவாக அடித்தார். வலையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் என் கையெல்லாம் கீறல். சரசக்கா கதவை ஆட்டிப் பார்த்தார். "இன்னொரு கோழி போகட்டும், ஒங்க ரெண்டு பேரையும் இதுக்குள்ள போட்டு அடைக்கிறேன்," என்றார். ஆனால் தேநீர் வந்தது. சிஐடி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை முதலில் குடிக்கச் சொன்னார்.

புஷ்பா அக்காவின் லயத்துக்குக் கடைசி ஏற்றத்தில் ஆட்டோ போகாது. வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பது அன்றிலிருந்து என் வேலையானது. சிஐடி கீழே நின்று கத்துவார்: "சூட்டிய வெளிய காட்டச் சொல்லு! வேற நாயக் காட்டுறாளோ தெரியாது!"

மழைக்காலம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போக எனக்குக் கால் அரித்தது. எந்த ஊரிலும் அப்படித்தான். பையைக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றேன். ஆட்டோ வந்து பக்கத்தில் நின்றது.

"எங்க?"

"அவிசாவளை. கடையில வேல இருக்காம்."

"சூட்டி வாசல்ல நிக்கும்."

"வேற யாராச்சும் கொண்டு போவாங்கண்ணே."

"யாரு? இந்த ஊர்ல யார நம்பிக் குடுக்குறது?"

பஸ் ஹோர்ன் அடித்தது. யாரையும் நம்பாத அந்த மனுஷன், நிரம்பிய வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, நான் என்ன செய்யப்போகிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்த மழைக்கும் நான் தெரணியகலையில்தான் நனைந்தேன்.